தாடைக்கு அடியில் ‘தி.மலை’

அந்த மர மீனைத் திருப்பிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெக்சஸில் ஒரு வீட்டு வாசல். வீட்டுக்காரர் இறந்துபோனதால் அவர் மனைவி பழைய சாமான்களை மேசையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். தூண்டில் பெட்டிக்குள் கிடந்த அந்த மீனின் தாடைக்கு அடியில், சூடு போட்டு எழுதிய சின்ன எழுத்தில், ‘தி.மலை’ என்று தமிழில் இருந்தது. விழுப்புரத்தில் நின்றால் திருவண்ணாமலைப் பேருந்துகளின் நெற்றியில் தெரியுமே, அதே சுருக்கம். “என் கணவர் இந்தியாவில் ஒரு மலைக்கு எதிரே ஆறு மாதம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது கொண்டுவந்தது” என்றார் அந்த அம்மாள், அதில் அதிசயிக்க ஒன்றும் இல்லாததைப்போல.

நான் சிதம்பரத்துக்காரி. பதினெட்டு வருடமாக டெக்சஸில் பிசியோதெரபிஸ்ட். வார நாட்களில் முட்டி வலிக்காரர்களோடு மல்லுக்கட்டுவேன். சனி, ஞாயிறு ஏரியில், தூண்டிலோடு, ஒன்பது வருடமாக. அங்கே பாஸ் என்று ஒரு மீன் உண்டு. பச்சை நிறம், சொம்பு நுழையும் வாய். சின்ன பாஸை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். நாலரைக் கிலோவைத் தாண்டியதைப் பிடிப்பதுதான் எங்கள் கிறுக்கு. அதற்காக ஒரு சாண் நீளப் பொம்மை மீனை, மூன்று துண்டாக மூட்டுப் போட்டு, கொக்கி மாட்டி வீசுவோம். இழுத்தால் நிஜ மீனைப்போல உடம்பை வளைத்து நீந்தும். ஸ்விம்பெயிட் என்று பெயர். சின்ன மீன் அதைச் சீண்டாது. ஏரியின் கிழம் ஏதாவது ஒன்றுதான் வரும், அதுவும் வருடத்துக்கு மூன்று நாலு தடவை.

பிடித்ததும் எடை போடுவோம், படம் எடுப்போம், தண்ணீரில் சற்று நேரம் தாங்கிப் பிடித்து விட்டுவிடுவோம். தின்கிற பேச்சே கிடையாது. என் படகுக் கூட்டாளி டேல், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், பெரிய பாஸ் ஒன்றை வறுத்துத் தின்ற நண்பரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒன்பது வருடத்தில் அந்தப் பழக்கம் என் கையிலும் ஊறிவிட்டது.

தி.மலை மீனை வாங்கிய மூன்றாவது வாரம், ஏரியின் ஒரு மூலையில், ஆறு கிலோவுக்குக் குறையாத பாஸ் ஒன்று அதைக் கவ்வியது. படகுக்குப் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து காட்டியது. தலையை ஓர் உதறு உதறியது. மர மீனின் வால் துண்டு மூட்டோடு பிய்ந்து, கொக்கியோடு போயிற்று. டேல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதைப்போலவே செய்து தரச் சொல்லி அங்கே இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒருவர் செய்தது பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. இன்னொருவர் செய்தது பம்பரமாகச் சுற்றியது. “அந்த மீன் பிப்ரவரியில் முட்டையிட அதே மூலைக்கு வரும். அதற்குள் உனக்கு இதே மர மீன் வேண்டும்” என்றார் டேல். ஐப்பசியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குச் சிதம்பரம் வந்தேன். தாலி கட்டி முடிந்த மறுநாளே, வாலில்லாத மர மீனையும் நாலு துண்டாகக் கழற்றிய தூண்டிலையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டேன்.

முதல் அதிர்ச்சி, அன்று பௌர்ணமி. நாட்காட்டி பார்க்காமல் திருவண்ணாமலைக்கு வருகிறவள் நானாகத்தான் இருப்பேன். ஊருக்கு வெளியிலேயே பேருந்தை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சாலை முழுக்க ஜனம், அத்தனை பேரும் வெறுங்காலில். பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்றப் போகிறார்கள். டெக்சஸில் எதிர் வீட்டுக்குப் போவதற்கே கார் எடுக்கிற எனக்கு, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடக்கிற பெண்களைப் பார்த்ததும் செருப்புப் போட்டிருப்பதே கூச்சமாக இருந்தது.

தூண்டிலை நீளமான குழாயில் போட்டு முதுகில் மாட்டியிருந்தேன். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, திறக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

“இன்னாமா இது?”

“தூண்டில் சார்.”

“கிரிவலத்துக்கு தூண்டில் எடுத்துகினு வந்துகிறீங்க.” அவர் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் என்னைக் கைதுசெய்யப் போகிறார்கள் என்றே நினைத்தேன். “மூடி வைங்கமா, யார்னா பாத்தா தப்பா நெனப்பாங்க” என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார். ஆட்டோ கிடைக்கவில்லை. செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் பிடித்திருந்த அறைக்கு, நானும் வலம் வருகிறவர்களோடு சேர்ந்துதான் நடந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அறைக்குக் கீழே இருந்த காபிக் கடையில் உட்கார்ந்தேன். கோதுமை ரொட்டி, அவகாடோ, கம்புக் கஞ்சி என்று பலகையில் எழுதியிருந்தது. டெக்சஸிலிருந்து தப்பித்து வந்து டெக்சஸுக்கே வந்துவிட்டதைப்போல இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தோழியிடம் ஆங்கிலத்தில், “எறும்பை மிதித்துவிட்டேன், காலையிலிருந்து அழுகிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து எடுத்த மர மீனை மறுபடியும் பைக்குள் வைத்தேன். அதன் வயிற்றில் இன்னும் ஒரு மூன்று முள் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆட்டோக்காரர் ஒருவர் என்னைக் கோயிலருகே பொம்மைக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் மீனை வாங்கி, பிய்ந்த இடத்தை நகத்தால் தட்டினார். “இது பொம்ம செய்றவங்க வேல இல்லீங்க. இந்த மூட்டுக்குள்ள பாருங்க, சைக்கிள் ஸ்போக் கம்பி. கதவு ஜன்னல் வேல செய்றவங்கதான் இப்புடி கீல் அடிப்பாங்க. நீங்க சலீம் பாய் பட்டறைல கேளுங்க” என்றார். டெக்சஸில் இரண்டு வல்லுநர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் சொல்லாததை அவர் ஒரு தட்டில் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை.

சலீம் பாயின் பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். வாசலில் வேங்கை மரக் கதவு நிலைகள் சாத்தியிருந்தன. ஐம்பது வயதுக்காரர், காதில் பென்சில், மூக்கில் மரத்தூள். மீனை நீட்டினேன். கையில் வாங்கியவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை முகர்ந்துதான் பார்த்தார்.

“மலைவேம்பு. இன்னும் வாசன போவல.” அப்புறம்தான் சிரித்தார். “தாடி வெச்ச வெள்ளக்காரரு. பேச மாட்டாரு, படம் போட்டுதான் காட்டுவாரு. அவருக்கு ஆறு செஞ்சேன். அஞ்சு ஒழுங்கா நீந்தல. இது ஒண்ணுதான் தேறிச்சு. அவரு எப்புடி கீறாரு?”

இறந்துவிட்டார் என்றேன். பாய் ஏதோ முணுமுணுத்துவிட்டு மீனை மடியில் வைத்துக்கொண்டார். உலகத்திலேயே ஒன்றுதான் தேறியது, அதை உடைத்தவள் நான் என்று அப்போது எனக்கு உறைத்தது.

“இத எம்மாம் பெரிய மீனு கடிச்சுது?” என்று கேட்டார். கைகளை விரித்துக் காட்டினேன். பாய் உளியைக் கீழே வைத்தார்.

“யா அல்லா. அத்த எத்தினி சட்டில கொழம்பு வெப்பீங்க?”

இந்த இடத்தில்தான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆறு கிலோ மீனைப் பிடித்து, படம் எடுத்துவிட்டு, தண்ணீரில் விட்டுவிடுவோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? “அங்கயும் மசாலா எல்லாம் கிடைக்குது பாய்” என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

அவர் ஒரு பேரத்துக்கு வந்தார். புது மீன் செய்து தருகிறேன், பதிலுக்கு நீங்கள் எனக்கு ஒரு மீன் பிடித்துத் தர வேண்டும் என்றார். அவருடைய மகள் நஸ்ரினுக்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்திருந்தது. தையல் சரியாக ஆறவில்லை.

“வெரால் மீனு துன்னா காயம் சீக்கிரம் ஆறும். மார்க்கெட்ல வர்றது எல்லாம் வளக்குற மீனு, சின்னது. கீழ்பென்னாத்தூர் பக்கம் நம்ம ஏழுமலை கெணத்துல ஒண்ணு கீது. மூணு கிலோ இருக்கும். வல போட்டா கல்லு சந்துல பூந்துக்குது. புழு போட்டா மோந்து கூட பாக்க மாட்டேங்குது. எம் பொண்ணு கிட்ட சொல்லிட்டேன், அத்தா உனக்கு அந்த மீன எடுத்தாந்து தரேன்னு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அப்புறம், நான் செஞ்சத ஒரு மீனு கடிச்சு என் கண்ணால பாத்ததில்ல” என்றார்.

சரி என்றேன். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கிலோ விரால், கிணற்றுக்குள், மர மீனில். டேல் கேட்டால் சோறு தண்ணி இறங்காது அவருக்கு.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் பட்டறையிலேயே கழிந்தன. பாய் அளவுகோலே எடுக்கவில்லை. பழைய மீனைக் கண்ணை மூடித் தடவிவிட்டு, புது மரத்தைத் தடவுவார். எங்கே கை நிற்கிறதோ அங்கே இழைப்பார். துணி வண்ணான் கல்லில் தேய்வதைப்போல ஒரே சீரான சத்தம். மதியம் அவர் மனைவி பாத்திமா, “வெளிய துன்னாதீங்க, ஒத்துக்காது” என்று வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டார். குஸ்காவும் தால்ச்சாவும். நான் போதும் என்று கையால் தட்டை மறைக்க, அவர் விரல் சந்தில் குழம்பை ஊற்றிவிட்டுப் போனார். டெக்சஸில் ஒன்பது வருடப் பழக்கம் உள்ள டேலின் வீட்டில் இதுவரை நான் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

உள்ளறையில் நஸ்ரின் படுத்திருந்தாள். எழுந்து உட்காரும்போது பல்லைக் கடித்தாள். என் தொழில் அது என்பதால், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்திருக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். “ஆன்ட்டி, அந்த மீன எங்க அத்தா கனவுல கூட பாக்குறாரு. எனக்கு வேணாம்னா கூட கேக்க மாட்டாரு” என்று சிரித்தாள். சிரித்ததும் தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாம் நாள் மாலை மொட்டை மாடியில் பிளாஸ்டிக் டிரம்மில் மீனை மிதக்கவிட்டுப் பார்த்தோம். அழகாக, மெல்ல, தலை சாயாமல் இறங்கியது. எனக்கு ஒரு சந்தேகம். டெக்சஸ் ஏரி பிப்ரவரியில் சில்லென்று இருக்கும். குளிர்ந்த தண்ணீர் கனம் ஜாஸ்தி. இங்கே மூழ்குவது அங்கே மிதந்துவிடும். அதைச் சொன்னேன். பாய் உடனே கீழே இறங்கிப் போனார். கால் மணி நேரத்தில் மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு முழு ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். டிரம்மில் போட்டு, கையை விட்டுக் கலக்கி, “இம்மாம் ஜில்லுனு இருக்குமா உங்க ஏரி?” என்று கேட்டார். கையை விட்டேன். அதே குளிர். மீன் மிதந்தது. வயிற்றில் துளை போட்டு, கடுகளவு கடுகளவாக ஈயம் வைத்து, அது மறுபடி மெல்ல இறங்கும் வரை அவர் விடவில்லை. நான் பிரமித்துப்போய் நின்றேன். உலகத்தின் அந்தப் பக்கத்து ஏரியை அவர் தன் மாடிக்குக் கொண்டுவந்திருந்தார்.

ஐந்தாம் நாள் கீழ்பென்னாத்தூர் பயணம். ஏழுமலை புது வீடு கட்டுகிறார், அவருக்கு ஒரு வாசல் நிலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. குட்டியானை வண்டியில் பாயும் ஓட்டுநரும் முன்னால், நான் பின்னால் நிலைக்குள் உட்கார்ந்து வந்தேன். வீடில்லாத வாசற்படியில் உட்கார்ந்து ஊர்வலம் போவதைப்போல இருந்தது. பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்று கம்மி. நிலையை இறக்கி ரோட்டோரம் நிறுத்தி வைத்தார்கள். போகிற டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவர், “ரோட்டுக்கே கதவு போடறீங்களா பாய்” என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து டயரோடு ஒரு பையன் வந்தான்.

ஏழுமலையின் கிணறு நெல் வயலுக்கும் வேர்க்கடலைக் கொல்லைக்கும் நடுவில். சதுரமாக வெட்டிய பெரிய கிணறு, சுவரில் கல் படிகள். மழையில் பாதிக்கு மேல் தண்ணீர். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. எங்கள் ஏரி எப்போதும் டீ நிறம், முழங்கை ஆழத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. இங்கே அடியில் கிடக்கும் செங்கல் வரை தெரிந்தது.

“அதோ பாருங்க” என்று ஏழுமலை கைகாட்டினார். நீர்மட்டத்தில், குங்குமம் கரைத்ததைப்போல ஒரு சிவப்பு. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரு பந்தாகச் சேர்ந்து மேலும் கீழும் வந்துகொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே, அசையாமல், கரியதாக ஒன்று.

“குஞ்சு போட்டுகினு காவல் நிக்குது. ஜோடில ஒண்ண போன வாரம் புடிச்சு துன்னுட்டோம். இது மட்டும் மாட்ட மாட்டேங்குது. இப்ப எது கிட்ட வந்தாலும் பாயும்” என்றார். அவர் மனைவி பால் கறந்துகொண்டே, அந்த மீனுக்குப் புளி எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்று பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கீழ்ப் படியில் இறங்கி நின்றேன். எனக்கு இரண்டு படி மேலே பாய், கையில் நீல நிறப் பக்கெட். எதிர்ப்பக்கக் கிணற்று மேட்டில் ஏழுமலை என் கைப்பேசியோடு. படம் எடுக்கச் சொல்லி, பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரிசையாக விழும் என்று காட்டிக் கொடுத்திருந்தேன்.

புது மர மீனை எதிர்ச் சுவரோரம் வீசினேன். தலை சாயாமல், வாலை ஆட்டிக்கொண்டு, குஞ்சுக் கூட்டத்தை நோக்கி நீந்தியது. பாய் மேலே மூச்சை இழுத்தது கேட்டது. அடியிலிருந்த கரியது திரும்பியது. திரும்பியதைப் பார்த்தேன், பாய்ந்ததைப் பார்க்கவில்லை. தூண்டில் கம்பைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒன்பது வருடத்தில் ஒரு மீன் கவ்வத் திரும்புவதை நான் கண்ணால் கண்டது அதுதான் முதல் முறை.

கல் சந்துக்குள் போகவிடாமல் இழுத்து, மேலே கொண்டுவந்து, பாஸைப் பிடிப்பதைப்போலவே கட்டை விரலை வாய்க்குள் விட்டேன். விராலுக்குப் பல் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் வழிந்தது. எனக்கு உறைக்கவில்லை. கொக்கியைக் கழற்றி, பையிலிருந்த தொங்கு தராசில் மாட்டினேன். மூன்று கிலோ இருநூறு. இரண்டு கையிலும் ஏந்தி, மேலே பார்த்துச் சிரித்தேன். ஏழுமலை பொத்தானை அழுத்தினார்.

பிறகு நான் குனிந்தேன். மீனைத் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தேன். முன்னும் பின்னும் இரண்டு ஆட்டு ஆட்டினேன். அது செவுளைத் திறந்து மூடியது. நான் கையை விரித்தேன்.

வால் ஒரு சுழற்று. அது போய்விட்டது.

கிணற்றுக்குள் சத்தமே இல்லை. எதற்காக இவ்வளவு அமைதி என்று நான் நிமிர்ந்து பார்க்க நினைத்த அந்த நொடியில்தான், என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. இடி விழுந்ததைப்போல இருந்தது. யாரும் என்னைத் தள்ளவில்லை, மீனும் துள்ளவில்லை. என் கை, தன் பழக்கத்தில், நஸ்ரினின் மீனை எடுத்துப்போய் விட்டுவிட்டு வந்திருந்தது.

“இன்னாங்க, உட்டுட்டீங்க?” என்று மேலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் சொன்னார். “கை வழுக்கிடுச்சு. ரத்தம் பாரு, கடிச்சுட்டுது. வழுக்காம இன்னா பண்ணும்?” என்னைப் பார்த்து, “வழுக்கிடுச்சுதானம்மா?” என்றார்.

“ஆமா பாய்” என்றேன். இது நேரான பொய்.

மறுபடி வீசிப் பார்க்கலாம் என்று தண்ணீரைப் பார்த்தேன். விரால் அடியில், கல் சந்தில், தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. மேலே சிவப்புப் பந்து கலைந்திருந்தது. நாலு பக்கச் சுவரிலிருந்தும் ஜிலேபி மீன்கள் வந்தன. உள்ளங்கை அகல மீன்கள். ஒவ்வொன்றும் வாயைத் திறந்து மூடியது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிவப்பு குறைந்தது. குஞ்சுகள் தாயைத் தேடி ஒரே இடத்தில் சுற்றின. நான் கூழாங்கல்லை எறிந்தேன். ஜிலேபிகள் ஒதுங்கி, திரும்ப வந்தன. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பளிங்காக இருந்தது.

“அவ்ளோதான். தாயி பயந்துட்டா குஞ்சுக்கு யாரு காவலு?” என்றார் ஏழுமலை, மழை வருமா வராதா என்று சொல்வதைப்போல.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிப்ரவரியில், டீ நிறத் தண்ணீரில், முட்டைக்குக் காவல் நின்ற எத்தனை பாஸை இப்படித் தூக்கியிருப்பேன். எடை, படம், ஒரு முத்தம் கூட. திருப்பி விட்டோமே, ஒன்றும் கெடவில்லை என்று எவ்வளவு பெருமையாகப் படகைத் திருப்பியிருப்போம். அடியில் என்ன நடந்தது என்று அந்தத் தண்ணீர் ஒரு நாளும் காட்டியதில்லை. இந்த மீனைத் தின்றிருந்தாலாவது ஒருத்தியின் காயம் ஆறியிருக்கும். நான் செய்ததில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

மாலை வரை மூன்று பேரும் காத்திருந்தோம். விரால் வெளியே வரவில்லை. திரும்பும்போது வண்டியின் பின்னால் நிலை இல்லை, நான் மட்டும்தான். காலிப் பக்கெட் என் காலடியில் உருண்டுகொண்டே வந்தது.

ஆறாம் நாள் விடிந்ததும் மீன் மார்க்கெட்டுக்குப் போய், இருந்ததில் பெரிய விராலாக மூன்று வாங்கினேன். மூன்றும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வரவில்லை. பாத்திமா வாங்கிக்கொண்டு, வழவழப்புப் போகச் சாம்பல் தேய்க்கப் போனார். நஸ்ரின் ஒருக்களித்து, கையை ஊன்றி, நான் சொன்ன விதத்திலேயே எழுந்து உட்கார்ந்தாள். “போட்டோ காட்டுங்க ஆன்ட்டி. மூணு கிலோவாமே” என்று கையை நீட்டினாள்.

கைப்பேசியைக் கொடுத்தேன். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு விரல் நின்றது. பின்னால் தள்ளினாள், மறுபடி முன்னால் தள்ளினாள். வரிசையாக விழும்படி படம் எடுக்க நான்தானே கற்றுக்கொடுத்திருந்தேன். குனிவது, தாங்குவது, ஆட்டுவது, கையை விரிப்பது, எல்லாம் இருந்தது.

“வழுக்கல அத்தா” என்றாள் வாசல் பக்கம் திரும்பி. “ஆன்ட்டியே உட்டுட்டாங்க.”

சலீம் பாய் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

“தெரியும்” என்றார். “ரெண்டு படி மேல நான்தான நின்னுகினு இருந்தேன்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டெக்சஸில் நாங்கள் தின்ன மாட்டோம், விட்டுவிடுவோம், அன்றைக்கே சொல்லாமல் மழுப்பியது தப்பு, கை தானாகச் செய்துவிட்டது, எல்லாவற்றையும். மன்னிப்புக் கேட்டேன். நஸ்ரின் கோபப்படவில்லை. அவளுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

“துன்னலன்னா அப்ப எதுக்கு ஆன்ட்டி புடிக்கிறீங்க?”

ஒன்பது வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி. பாய்தான் குறுக்கே வந்தார். “உடும்மா. அவங்க ஊர் வழக்கம் அது. ஏழுமல முன்னாடி நம்ம வீட்டுக்கு வந்தவங்க தலகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னுதான் வழுக்கிடுச்சுன்னு சொன்னேன்” என்று பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். பிரித்தேன். புது மீன். விராலின் பல் தடத்தை இழைத்து, மறுபடி வண்ணம் பூசியிருந்தார். தாடைக்கு அடியில் ‘தி.மலை’.

“நான் உங்களுக்கு மீன் தரலியே பாய்” என்றேன்.

“நான் செஞ்சத கடிச்சுதே. பாத்துட்டனே” என்றார். “ஒக்காருங்க, சாப்டு போலாம்.” அந்த வீட்டில் அன்று வைத்த விரால் குழம்பை நானும் தின்றேன். மீன் குழம்பு தொண்டையில் இறங்க அவ்வளவு நேரம் எடுக்கும் என்று சிதம்பரத்துக்காரி நான் நினைத்ததில்லை.

டெக்சஸ் திரும்பியதும் டேலுக்கு அந்த வரிசையின் முதல் படத்தை மட்டும் அனுப்பினேன். மீனை ஏந்திக்கொண்டு நான் மேலே பார்த்துச் சிரிக்கிற படம். உடனே பதில் வந்தது. “அற்புதமான மீன். பத்திரமாக விட்டுவிட்டாய்தானே? உனக்குப் பின்னால் நிற்கிற அந்த ஆள் யார்?”

அதுவரை நான் மீனைத்தான் பார்த்திருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால், இரண்டு படி மேலே, சலீம் பாய் நீல நிறப் பக்கெட்டை இரண்டு கையாலும் மீனுக்கு நேராக நீட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மர மீனைச் செய்தவர் என்று எழுதினேன். டேல் விடவில்லை. “கையில் எதற்குப் பக்கெட்?” என்று கேட்டிருக்கிறார். பிப்ரவரி வந்துவிட்டது. அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.